தனியாக மலைக்காட்டில் நடக்கும்போது நாள் முழுக்க மழை பெய்தால்

பல நாள் நீளும் மலைக்காட்டுப் பாதையில் தனியாக நடக்கப் போகிறேன், நடுவில் ஒரு நாள் விடாமல் மழை பெய்தால் நடப்பதா, கூடாரத்திலேயே இருந்துவிடுவதா, நல்ல ரெயின்கோட் ஒன்று வாங்கிக்கொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ரெயின்கோட்டில் முடிந்தாலும் உங்கள் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஆள் இல்லாதபோது, நிலைமை கைமீறிப் போகிறது என்பதை எனக்கு யார் சொல்வார்கள்? இதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நெடும்பாதைகளில் நடந்து வருகிறேன், அதில் பாதிக்கு மேல் தனியாக. காட்டுப்புற முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சில ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. உடம்பைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் முதலுதவிப் பாடத்தின் அளவுக்குத்தான்.

நடக்கலாம். பெரும்பாலான மழை நாட்களில் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். ஆனால் எதைப் போட்டுக்கொண்டாலும் நாள் முழுக்கப் பெய்கிற மழையில் நனைவீர்கள். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு கிளம்புகிறவர்கள் நன்றாக நடக்கிறார்கள். நனையவே கூடாது என்று போராடுகிறவர்கள் மதியத்துக்குள் சோர்ந்துவிடுகிறார்கள். நனைந்த உடம்பு குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், இரவில் போட்டுக்கொள்ள ஒரு செட் துணியும் உறக்கப்பையும் துளி ஈரமில்லாமல் காப்பாற்றுவதும்தான் அன்றைய வேலை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

ரெயின்கோட்டை முதலில் பேசி முடித்துவிடலாம். 1969-இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது, அது நுண்துளைகள் நிறைந்த படலமாக விரிந்தது. மழை ஜாக்கெட்டுகளுக்கான கோர்-டெக்ஸ் துணி அதிலிருந்து வந்ததுதான். அந்தத் துளைகள் நீர்த்துளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியவை, ஆனால் நீராவி புகுந்து போகும் அளவுக்குப் பெரியவை. மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியே போகும் என்பது கணக்கு. கணக்கில் தவறில்லை. ஆனால் ஆவி வெளியேற வேண்டுமானால் உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். அடைமழை நேரத்தில் காட்டுக்குள் காற்றே ஊறிப்போய்க் கிடக்கும். மேல்துணியில் இருக்கும் நீர்விலக்கிப் பூச்சும் முதுகுப்பை உரசும் தோள்பட்டையில்தான் முதலில் தேய்கிறது. பூச்சு போன இடத்தில் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், ஆவி போக வழி இருக்காது. ஏற்றத்தில் நீங்கள் வியர்ப்பது உள்ளிருந்தே உங்களை நனைக்கும். அப்படியானால் நல்ல ஜாக்கெட் வீணா? இல்லை. அது காற்றைத் தடுக்கிறது, உடம்போடு ஒட்டிய வெதுவெதுப்பான ஈரக்காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. மழை நாளில் ஜாக்கெட்டிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளம். 1955-இல் எம்மா கேட்வுட் தனது 67-வது வயதில் அதைத் தனியாக நடந்து முடித்தபோது, மழைக்கு அவர் எடுத்துப்போனது ஒரு குளியலறைத் திரை. நீங்களும் திரையோடு போங்கள் என்று சொல்லவில்லை. எந்த ஜாக்கெட் என்று மாதக்கணக்கில் ஆராய்கிற நேரத்தில் பாதியை, மழையில் நடந்து பழகுவதற்குக் கொடுங்கள்.

இனி குளிர். இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் சாகிறார்கள். உடம்பின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. அது 35-க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. பனி கொட்டும் இடத்தில்தான் இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உறைநிலைக்கு மேலே, 0 முதல் 10 டிகிரி வரையிலான வெப்பநிலையில் மழையும் காற்றும் சேரும்போது எனக்கு அதிக பயம். மைனஸ் ஐந்தில் விழும் பனியைச் சட்டையிலிருந்து தட்டிவிடலாம், ஐந்து டிகிரியில் பெய்யும் மழையைத் தட்டிவிட முடியாது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதோடு, ஈரம் ஆவியாகும்போதும் உங்கள் உடம்பிலிருந்துதான் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அரை லிட்டர் தண்ணீர் ஊறிய துணியை உடம்புச் சூட்டிலேயே காயவைக்க ஏறத்தாழ 290 கிலோ கலோரி தேவைப்படும். ஒரு சிறிய வேளை உணவு முழுவதும் துணி காயவைக்கவே போய்விடுகிறது.

1964 மார்ச் மாதம் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேட்டுநிலத்தில் ஃபோர் இன்ஸ் என்ற நெடுநடைப் போட்டி நடந்தது. குளிர்ந்த மழை, பலத்த காற்று. மூன்று இளைஞர்கள் இறந்துபோனார்கள். 1953 எவரெஸ்ட் பயணக் குழுவில் உடலியலாளராக இருந்த கிரிஃபித் பியூ அந்த மரணங்களை ஆராய்ந்தார். நடப்பவர்கள் போட்டிருந்த வகைத் துணி நனைந்து, அதன் மேல் காற்றும் அடித்தால், அது தரும் வெப்பக் காப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது என்று அவரது சோதனைகள் காட்டின. இன்னொன்றும் தெரிந்தது. வேகமாக நடக்கத் தெம்பு இருக்கும்வரை உடம்பு தாக்குப்பிடிக்கிறது. களைப்பில் நடை தளர்ந்ததும் வெப்ப உற்பத்தி விழுந்து, ஆள் சட்டென்று குளிர்ந்துபோகிறார். அவர்கள் பலவீனமானவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற இளைஞர்கள். ஆகவே மழை நாளில் களைப்பைக் கால்வலி என்ற அளவில் பார்க்காதீர்கள். உங்களுடைய அடுப்பு அணைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நீண்ட பயணத்தின் நான்காம் நாள். விடியும்போதே மழை, வெப்பநிலை எட்டு டிகிரி இருக்கும். காலை முழுக்க நன்றாகத்தான் நடந்தேன், பாட்டுக்கூட முணுமுணுத்தேன். மதியம் ஒரு பாறையின் அடியில் மழை படாத இடம் கிடைத்தது. சாப்பிட உட்கார்ந்தவன் இருபது நிமிடம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது பையின் ஜிப்பைப் பிடிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. அந்த ஜிப்பின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. தங்குமிடம் இன்னும் ஆறு கிலோமீட்டர், கூடாரத்தைப் பிரிப்பது தொல்லை, நடந்துவிடலாம் என்று மனம் சொன்னது. அது நியாயமான முடிவு போலவே தோன்றியது. வரைபடத்தின் ஓரத்தில், பயணத்துக்கு முன் வீட்டில் உட்கார்ந்து நானே எழுதி வைத்த ஒரு வரி இருந்தது: கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடவில்லையென்றால் அங்கேயே கூடாரம். தொட்டுப் பார்த்தேன். தொடவில்லை. சரிவான, கல் நிறைந்த இடம்தான், இருந்தாலும் அங்கேயே கூடாரத்தைப் போட்டு, காய்ந்த துணிக்கு மாறி, உறக்கப்பைக்குள் புகுந்து, இனிப்பாக எதையோ மென்றேன். முக்கால் மணி நேரம் உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. அன்று நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் முடிவெடுத்தது என் மூளை அல்ல, வீட்டில் எழுதிய அந்த வரிதான்.

உங்கள் கேள்விக்கான பதில் இதுதான். குளிர் முதலில் விரல்களையும் தீர்மானிக்கும் திறனையும் எடுத்துக்கொண்டு போகிறது. துணைக்கு ஒருவர் இருந்தால், என்ன, பேச்சையே காணோம் என்று கேட்டுவிடுவார். தனியாக இருக்கும்போது நீங்கள் பேச்சில்லாமல் போனது உங்களுக்கே தெரியாது. எனவே மூளை சூடாக இருக்கும்போதே சில விதிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், காட்டில் அவற்றோடு வாதம் செய்யாதீர்கள். கால் இடறுவது, கையிலிருந்து பொருள் நழுவுவது, சொல் குழறுவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது: இந்த நான்கில் இரண்டு சேர்ந்தால் நான் நின்றுவிடுவேன். மணிக்கு ஒரு முறை விரலைத் தொட்டுப் பார்ப்பேன், சத்தமாக ஒரு வாக்கியம் பேசிப் பார்ப்பேன். நடுங்குவது உடம்பு இன்னும் போராடுகிறது என்பதற்கான அடையாளம். குளிர் மாறாமலே நடுக்கம் நின்றால் அது ஆபத்தான கட்டம். உள்வெப்பம் சுமார் 32-க்குக் கீழே இறங்கும்போது அப்படி நேரலாம். அந்த நிலைக்குப் போன ஒருவரால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வது பெரும்பாலும் முடியாது. தனியாகப் போகிறவர் அதற்கு வெகு முன்பே நின்றாக வேண்டும்.

சரி, அப்படியானால் எப்படி நடப்பது? வெதுவெதுப்பாக, ஆனால் வியர்த்துக் கொட்டாத வேகத்தில். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் அது சரியாகிவிடும். கூடாரத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கிளம்பினால் முதல் ஏற்றத்திலேயே உள்ளே குளித்துவிடுவீர்கள். பருத்தித் துணி வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. கம்பளியோ செயற்கை இழையோ போடலாம். கம்பளி நனைந்தாலும் சூடு தரும் என்று சொல்வது பாதி உண்மை. மெரினோ கம்பளி தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது, பருத்தியைவிட எவ்வளவோ மேல். ஆனால் முற்றாக ஊறிப்போன கம்பளியும் குளிரத்தான் செய்யும், காயவும் நேரமாகும். நடக்கும்போது செயற்கை இழை, தூங்கும்போது கம்பளி என்பது என் பழக்கம். இன்னொருவர் மாற்றிச் செய்தால் நான் தவறு என்று சொல்லமாட்டேன்.

உட்கார்ந்து சாப்பிடுவதை மழை நாளில் நான் விட்டுவிட்டேன். பிரிக்காமலே வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய தீனியை ஜாக்கெட் பையில் வைத்துக்கொண்டு, முக்கால் மணிக்கு ஒரு முறை நடந்துகொண்டே சாப்பிடுவேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டி வந்தால், நின்ற உடனே, குளிர்வதற்கு முன்பே, ஜாக்கெட்டுக்கு மேலேயே இன்னொரு சூடான அடுக்கைப் போட்டுக்கொள்வேன். குளிர்ந்த பிறகு போட்டால் அது குளிரைத்தான் மூடி வைக்கும். தண்ணீர் குடிக்கவும் மறந்துவிடுவோம். மழையில் தாகம் தெரியாது, ஆனால் குளிரில் சிறுநீர் அதிகம் போகும், ஏற்றத்தில் வியர்வையும் போகும்.

காட்டு மழைக்கும் வெட்டவெளி மழைக்கும் வித்தியாசம் உண்டு, அதை அனுபவிக்கவும் செய்யுங்கள். மழை தொடங்கிச் சில நிமிடங்கள் வரை இலைக்கூரை அதைத் தாங்கிக்கொள்ளும். மேலே சத்தம் மட்டும் கேட்கும், கீழே ஒரு சொட்டும் விழாது. மழை நின்ற பிறகோ மரங்கள் நெடுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். இன்னும் பெய்கிறது என்று நினைத்து ஜாக்கெட்டைக் கழற்றாமல் நடப்பீர்கள். ஒரு வெட்டவெளிக்கு வந்தால்தான் மழை விட்டுப்போனது தெரியும். முதல் தூறலில் எழும் மண்வாசனைக்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964-இல் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதை மனித மூக்கு மிகமிகச் சிறிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும். காற்றில்லாத காட்டு மழைக்கு நான் குடையும் எடுத்துப் போகிறேன். முகத்தில் தண்ணீர் அடிக்காமல், தலைமூடி காதை அடைக்காமல், காட்டைக் கேட்டுக்கொண்டே நடக்கலாம். முகட்டில் காற்று பிடித்தால் மடக்கி வைத்துவிட வேண்டியதுதான்.

அந்தச் சத்தத்தில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. மழையும் ஓடையும் சேர்ந்து இரையும்போது நீங்கள் வருவது விலங்குகளுக்குக் கேட்காது, அவை இருப்பது உங்களுக்கும் கேட்காது. வளைவுகளிலும் புதர் அடர்ந்த இடங்களிலும் குரல் கொடுத்துக்கொண்டு போங்கள். எந்த விலங்குக்கு எப்படி நடந்துகொள்வது என்பது காட்டுக்குக் காடு மாறும். அதை அந்தந்த வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முறை. அட்டைகள் உள்ள காடானால், அவற்றுக்கு உப்பும் நெருப்பும் வைக்காதீர்கள், கடித்த இடத்திலேயே அவை வயிற்றில் உள்ளதைக் கக்கிவிடக்கூடும். நகத்தால் மெல்ல நெம்பி எடுத்துவிடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அட்டை செலுத்தியிருப்பதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

வழுக்கல் பற்றி. ஈரப்பாறையைவிட எனக்கு ஈரவேரின் மீதுதான் பயம். பட்டை உரிந்த வேர், பாசி படிந்த மரப்பாலம், சரிவில் மட்கிய இலை, இந்த மூன்றிலும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். வேரை மிதிக்காமல் தாண்டுங்கள், தாண்ட முடியாவிட்டால் குறுக்காக வைக்காமல் பாதத்தின் நடுப்பகுதியால் நேராக அழுத்துங்கள். கணுக்கால் பிசகுவது துணையோடு போகும்போது ஒரு தொல்லை. தனியாக, மழையில், நடக்க முடியாமல் உட்கார நேர்ந்தால் மேலே சொன்ன குளிர்க் கதை அங்கிருந்துதான் தொடங்கும். மழை நாளில் நான் வழக்கமான தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திட்டமிடுவதே இல்லை.

ஓடைகளுக்கு வருகிறேன். மழை நாளில் எனக்கு இருக்கும் இரண்டாவது பெரிய பயம் இது. ஓடும் தண்ணீர் காலில் கொடுக்கும் தள்ளு, அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்கு. காலையில் கல்லுக்குக் கல் தாவிக் கடந்த ஓடை மாலையில் ஆளை இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதுதான் காரணம். தண்ணீர் பழுப்பாகிவிட்டது, கிளைகள் மிதந்து வருகின்றன, அடியில் கற்கள் உருளும் மந்தமான சத்தம் கேட்கிறது என்றால் இறங்கவே கூடாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெளிவாக இருந்தாலும், முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் தனியாள் இறங்குவதை நான் ஏற்கமாட்டேன். கடப்பதாக இருந்தால் அகலமான, பல கால்வாயாகப் பிரிந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். கீழே அருவியோ, விழுந்த மரமோ, குறுகலோ இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். தண்ணீர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு, ஊன்றுகோலை முன்னே ஊன்றி, இரண்டு கால், கோல் என்ற மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். காலணியைக் கழற்றாதீர்கள்.

கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்புப்பட்டையை அவிழ்ப்பதா, கட்டியே வைப்பதா என்பதில் தெரிந்தவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும் என்பது பழைய பாடம். கட்டிய பை மிதந்து உதவும், அவிழ்த்த பை ஆடி நிலைதடுமாறச் செய்யும் என்பது மறுபக்கம். தனியாகக் கடக்கும்போது நான் அவிழ்க்கிறேன். அது என் பழக்கம், நிரூபிக்கப்பட்ட விதி அல்ல. அந்த விவாதத்தைவிட உங்களுக்கு உதவக்கூடியது ஒன்று இருக்கிறது. மலையின் சிறிய ஓடைகள் வேகமாக ஏறுவதைப் போலவே, மழை விட்டதும் வேகமாக வடியவும் செய்யும், பல நேரம் சில மணி நேரத்திலேயே. கரையிலிருந்து மேடான இடத்தில் கூடாரம் போட்டு ஓர் இரவு காத்திருப்பதற்கான உணவு உங்களிடம் இருந்தால் தவறான முடிவெடுக்கும் நெருக்கடியே வராது. ஒரு நாள் உணவு கூடுதலாக எடுத்துப் போங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இடி மின்னலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். இடி கேட்கிறது என்றாலே நீங்கள் அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள். முகட்டைவிட்டு இறங்குங்கள், தனித்து நிற்கும் உயரமான மரத்தைத் தவிருங்கள், ஒரே உயரத்தில் அடர்ந்த மரங்களுக்கு இடையே தாழ்வான பகுதிக்குப் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். குந்தி உட்கார்ந்தால் தப்பிக்கலாம் என்பதை இப்போது பலர் வலியுறுத்துவதில்லை, அந்த நேரத்தை இறங்குவதற்குச் செலவிடுவதே மேல் என்கிறார்கள். வெட்டவெளியில் முழுப் பாதுகாப்பான இடம் என்று எதுவும் இல்லை.

வழி தவறுவது மழை நாளில் எளிது. மேகம் இறங்கி மரங்களுக்குள் புகுந்தால் பாதையும், மழைநீர் அரித்த வாய்க்காலும் ஒன்றுபோலத் தெரியும். ஃபோனின் தொடுதிரையில் தண்ணீர் பட்டால் அது விரலா துளியா என்று குழம்பிவிடும். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், சார்ஜ் செய்யும் துளையில் ஈரம் ஏறினால் பவர் பேங்க் இருந்தும் பயனில்லை. ஆகவே காகித வரைபடம், திசைகாட்டி, நீர்புகாத உறை மூன்றும் வேண்டும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இருந்தால் மிக நல்லது. அடர்ந்த மரங்களுக்கடியிலும் ஆழமான பள்ளத்தாக்கிலும் அது செய்தி அனுப்பத் தாமதமாகும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். 2013-இல் அப்பலாச்சியன் பாதையின் மெய்ன் மாநிலப் பகுதியில், தனியாக நடந்துகொண்டிருந்த 66 வயதுப் பெண்மணி ஒருவர் இயற்கை உபாதைக்காகப் பாதையைவிட்டு ஒதுங்கினார். திரும்பி வர வழி தெரியவில்லை. ஃபோனிலிருந்து அவர் அனுப்பிய செய்திகள், சிக்னல் இல்லாததால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. பெரிய தேடுதல் நடந்தும், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பாதையிலிருந்து சில கிலோமீட்டருக்குள்தான் அவரது உடல் கிடைத்தது. அதைப் படித்த நாள் முதல், பாதையைவிட்டு ஒதுங்கும்போதெல்லாம் பளிச்சென்ற துணி ஒன்றை மரத்தில் கட்டிவிட்டுத்தான் போகிறேன், அது கண்ணில் படும் தூரத்தைத் தாண்டுவதில்லை. மழையில் பத்து எட்டு வைத்தாலே பாதை மறைந்துவிடும்.

இனி மாலை. பைக்கு மேலே போடும் உறையை மட்டும் நம்பாதீர்கள், முதுகு வழியாகத் தண்ணீர் இறங்கும். தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றைப் பைக்கு உள்ளே விரித்து, அதற்குள் உறக்கப்பையும் இரவுத் துணியும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். வாத்து இறகு அடைத்த உறக்கப்பை நனைந்தால் சப்பிப்போய்ச் சூடு தராது. இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடம் தேடத் தொடங்குங்கள். மேலே பாருங்கள், காய்ந்த கிளையோ பட்ட மரமோ இருந்தால் வேறு இடம். மழையில் ஊறிக் கனத்த கிளை காற்று இல்லாமலும் முறிந்து விழும். தரையில் இலைகள் ஒரே பக்கமாக அடித்துச் சேர்ந்திருந்தால் அது தண்ணீர் ஓடும் வழி. மழைத் துணியைக் கூடாரத்தின் வாசலில் கழற்றிவிட்டு, துடைத்துக்கொண்டு, காய்ந்ததைப் போட்ட பிறகு உள்ளே போங்கள். எவ்வளவு மழையானாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். தீப்பிடிப்பது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சூடாகக் குடிக்க முடியாவிட்டால், சமைக்காத உணவைச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

கால்களுக்கு இரவு முழுக்க விடுமுறை கொடுங்கள். நாள் முழுக்க ஊறிய பாதம் வெளுத்துச் சுருங்கியிருக்கும், அந்தத் தோல் லேசாக உரசினாலே கிழியும். துடைத்து, காற்றாட விட்டு, தூங்குவதற்கென்றே வைத்த காய்ந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டால் எட்டு மணி நேரத்தில் பெரும்பாலும் மீண்டுவிடும். நாள்கணக்கில் காயாமலே இருந்தால் மரத்துப்போதல், வீக்கம், நரம்புப் பாதிப்பு வரை போகலாம். காலையில் உணர்வு திரும்பவில்லையென்றால் பயணத்தை முடித்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். நீர்புகாத காலணியா, வலைத்துணிக் காலணியா என்றால், மிதமான வெப்பநிலையில் நான் வலைத்துணியைத்தான் தேர்வேன். தண்ணீர் உள்ளே வரும், வந்த வேகத்தில் வெளியேயும் போகும். உறைநிலையை ஒட்டிய குளிரில் என் பதில் மாறும்.

எப்போது நடக்காமல் இருந்துவிடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். உறைநிலையை ஒட்டிய மழையும் பலத்த காற்றும் சேர்ந்திருந்தால், அன்றைய வழி முகட்டின் மேலே போகிறது என்றால், கடக்க முடியாத ஓடை முன்னே இருந்தால், முந்தைய நாள் களைப்பு தீரவில்லை என்றால் படுத்துக்கொள்ளுங்கள். ஏறும் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 6 டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளத்தாக்கில் இதமாக இருக்கிற மழை மேலே வேறு மழை. ஊரில் ஒருவரிடம் உங்கள் வழியையும், எந்த நாள் எந்த நேரம் வரை செய்தி வராவிட்டால் தேடச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நேரத்தில் ஒரு நாள் தாராளம் இருக்கட்டும், அப்போதுதான் நேரமாகிறதே என்ற பதற்றத்தில் ஓடையில் இறங்கமாட்டீர்கள். சர்க்கரை நோய், இதய நோய், கைகால் இரத்த ஓட்டத்தில் கோளாறு இருப்பவர்களுக்குக் குளிரின் கணக்கே வேறு. உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் நான் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல் மருத்துவரிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

மறுநாள் காலை இன்னும் தூறிக்கொண்டிருந்தால் ஒரு சோதனை காத்திருக்கும். இரவு முழுக்கக் கதகதப்பாக வைத்திருந்த காய்ந்த துணியிலேயே நடந்துவிடலாம் என்று உடம்பு கெஞ்சும். அதைக் கழற்றிப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்துவிட்டு, நேற்றைய ஈரச்சட்டையையும் ஈரச்சாக்ஸையும் எடுத்துப் போடுங்கள். அந்த ஒரு நிமிடம்தான் கொடுமை. உறக்கப்பையைத் தவிர எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு, கடைசியாகச் சட்டையை மாற்றிக்கொண்டு உடனே நடக்கத் தொடங்குங்கள். பத்துப் பதினைந்து நிமிட ஏற்றத்தில் அந்த ஈரம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், காய்ந்த துணி அடுத்த இரவுக்காகப் பையில் பத்திரமாக இருக்கும்.